கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எதைச் சுடலாம்? அடுப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நெய் பிஸ்கட், கேழ்வரகு பிஸ்கட், ரவா கேக், பிளம் கேக், தேங்காய் மக்ரூன். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே எளிதாகச் சுடக்கூடிய இனிப்பு என்று தேடினால், பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் வந்து நிற்போம். அச்சு முறுக்கும் அதிரசமும் எண்ணெய்ச் சட்டி வேலை. அவை வேறு கணக்கு.

எதைச் செய்வது என்பதைப் பலர் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பிறகுதான் வீட்டில் ஓவன் இல்லை என்பதோ, பக்கத்து வீட்டில் மாலை போட்டிருக்கிறார்கள் என்பதோ நினைவுக்கு வருகிறது. முதலில் அடுப்பு, அடுத்து யாருக்குக் கொடுக்கப் போகிறோம், கடைசியாக என்றைக்குக் கொடுக்கப் போகிறோம். இந்த வரிசையில் யோசித்தால் ஐந்தில் மூன்று தானாகவே கழன்றுவிடும்.

அடுப்பு சொல்வதைக் கேளுங்கள்

20 முதல் 28 லிட்டர் வரையுள்ள ஓடிஜி எனப்படும் சிறிய மின்சார ஓவன் வீட்டில் இருந்தால் பிஸ்கட் செய்யுங்கள். ஒரு தட்டில் 12 முதல் 15 பிஸ்கட் வரை வைக்கலாம். இரண்டு முறை சுட்டால் ஒரு கலவை முடிந்துவிடும். மேலும் கீழும் கம்பி சூடாவதால் இரு பக்கமும் ஒரே மாதிரி வேகும். 1500 வாட் ஓவன் இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்தான் ஆகும். நடுவில் வெப்பம் எட்டியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். கரண்ட் செலவுக்குப் பயந்து ஓவனை ஒதுக்க வேண்டாம்.

குக்கரோ கனமான வாணலியோ மட்டும்தான் இருக்கிறது என்றால், பிஸ்கட்டை விட்டுவிட்டுக் கேக்குக்குப் போங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். குக்கருக்குள் ஒரு தட்டு வைத்தால் எட்டு பிஸ்கட் கொள்ளும். 26 பிஸ்கட் சுட நான்கு முறை, முறைக்கு 25 நிமிடம். இது பொறுமையைச் சோதிக்கும். இரண்டாவது, வெப்பம் முழுக்கக் கீழிருந்து வருகிறது. மெல்லிய பிஸ்கட்டின் அடி கருகும் நேரத்தில் மேல்புறம் வெளுத்தே இருக்கும். கேக் கனமானது; அடியில் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்தாலும் உள்ளே கெடாது.

குக்கரில் சுடுவதென்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். உள்ளே அழுத்தம் சேரக் கூடாது. அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஒரு வளையமோ சிறிய ஸ்டாண்டோ வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். டின்னை வைத்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். 5 லிட்டர் குக்கரில் 6 அல்லது 7 அங்குல டின் போகும். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி இருந்தால்தான் சூடு மேலே ஏறும். தண்ணீர் இல்லாமல் காயவைப்பது குக்கருக்கு நல்லதல்ல என்பதால் தினமும் பருப்பு வேகவைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். பழைய குக்கரோ, இறுக்கமான மூடி உள்ள கனத்த அலுமினிய வாணலியோ போதும். நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த முறை சுடவும் உதவும். சமையலுக்கு மட்டும் சேர்க்க வேண்டாம்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதில் கன்வெக்ஷன் முறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓவன் கணக்கு அப்படியே பொருந்தும். இல்லையென்றால் அது சூடுபடுத்தும் பெட்டி மட்டுமே. பிஸ்கட் அதில் மொறுமொறுப்பாகாது.

யார் சாப்பிடப் போகிறார்கள்?

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் ஊரே சுடும், ஊரே பகிரும். மற்ற இடங்களில் நம் வீட்டுத் தட்டு போவது பெரும்பாலும் வேறு சமயத்தவர் வீடுகளுக்குத்தான். அது கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்த காலம். தெருவுக்கு நாலு வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். மேல்மருவத்தூருக்குச் சக்தி மாலை போட்டவர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு முட்டை சேர்த்த கேக்கைக் கொடுத்தால், மரியாதைக்காக வாங்கி வைத்துவிட்டு யாருக்காவது தள்ளிவிட வேண்டிய சங்கடம் அவர்களுக்கு. பகிர்வதற்குச் செய்வது முட்டையில்லாமல் இருக்கட்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். இந்த ஐந்தில் நெய் பிஸ்கட், கேழ்வரகு பிஸ்கட், ரவா கேக் மூன்றும் முட்டை இல்லாதவை. முட்டை சேர்க்கும் பண்டத்தையும் செய்கிறீர்கள் என்றால் முட்டையில்லாததை முதலில் சுட்டு டப்பாவில் அடைத்துவிடுங்கள். பிறகு முட்டையைத் தொடுங்கள். கரண்டி, பீட்டர், தட்டு எதுவும் மாறிப்போகாது. கேட்பவர்களுக்கும் தயங்காமல் பதில் சொல்லலாம்.

நெய் பிஸ்கட்: முதன்முறை சுடுபவருக்கு

இதுவரை எதையுமே சுட்டதில்லை என்பவர் இதிலிருந்து தொடங்குங்கள். பொங்க வேண்டும், உப்ப வேண்டும் என்ற கவலை இதில் கிடையாது.

மைதா 200 கிராம், கடலை மாவு 40 கிராம், மெல்லிய ரவை 20 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், நெய் 130 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன். மொத்தம் அரைக் கிலோ மாவு வரும். 19 கிராம் அளவில் உருட்டினால் 26 பிஸ்கட்.

இதன் உயிர் நெய்யின் பதத்தில் இருக்கிறது. உருகி ஓடவும் கூடாது, கல்லாக உறைந்திருக்கவும் கூடாது. விரலால் அழுத்தினால் குழிய வேண்டும். இங்கேதான் நம் இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே வேறுபாடு வருகிறது. தருமபுரியிலும் அரூரிலும் டிசம்பர் பகலில் நெய் தானாகவே இந்தப் பதத்தில் இருக்கும். ஓசூரிலும் தளியிலும் இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குவதால் காலையில் நெய் ஜாடி கெட்டியாகக் கிடக்கும். அதை அடுப்பில் வைத்து உருக்கிவிட்டால் போச்சு. திரும்ப உறையும்வரை காத்திருக்க வேண்டும். வேண்டிய அளவை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அடுப்பு எரியும் மேடையில் ஓரமாக அரை மணி நேரம் வைத்தாலே இளகும்.

நெய்யையும் சர்க்கரையையும் மட்டும் முதலில் ஐந்து நிமிடம் அடித்துக் குழையுங்கள். மஞ்சள் நிறம் வெளுத்து, லேசாக நுரைத்தது போல வரும். மாவுகளைச் சேர்த்துச் சலித்து அதில் போட்டு, விரல் நுனியால் ஒன்றுசேருங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் மைதா இழுவைப் பிடித்து பிஸ்கட் இறுகிவிடும். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். தண்ணீரோ பாலோ வேண்டாம். 15 நிமிடம் மூடி வைத்து, உருட்டி, லேசாகத் தட்டி, இரண்டு அங்குல இடைவெளியில் அடுக்குங்கள். முன்பே சூடாக்கிய ஓவனில் 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம்.

எடுத்த உடனே தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது; ஆறியதும் அது பல்லை உடைக்கும். அடிப்பக்கம் இளம் பொன்னிறமானால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தட்டிலேயே 10 நிமிடம் விட்டுப் பிறகு எடுங்கள். எல்லாம் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நெய் அதிகமாக இளகியிருந்திருக்கிறது. அடுத்த தட்டை 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சுட்டால் சரியாகும். மேலே வெடிப்பு விடுவது குறையல்ல. இந்த பிஸ்கட்டுக்கு அதுதான் அழகு.

வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. நெய்யில் அது இல்லை. நெய் பிஸ்கட் வாயில் உதிர்ந்து கரைவதும், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் கெடாமல் இருப்பதும் அதனால்தான். நெய் விலையைப் பார்த்து டால்டாவுக்குப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வடிவம் நன்றாக நிற்கும், உண்மைதான். ஆனால் நாக்கில் மெழுகு ஒட்டியது போல இருக்கும்.

கேழ்வரகு பிஸ்கட்: இந்த மண்ணுக்கு எங்கள் முதல் தேர்வு

ஒரு முறையாவது எதையாவது சுட்டுப் பழகியவர்கள் இதற்கு வாருங்கள். கிறிஸ்துமஸையொட்டிய சில நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பேக்கரி பிளம் கேக் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். அலுவலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, உறவினர் கொடுத்தது ஒன்று. அதோடு இன்னொரு பிளம் கேக்கைக் கொண்டுபோய் வைப்பதைவிட, ராகியும் வெல்லமும் மணக்கும் பிஸ்கட்டைக் கொடுத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்குப் பயந்து இனிப்பை ஒதுக்கும் பெரியவர்கள்கூட ஒன்றை எடுப்பார்கள். ஆனாலும் வெல்லமும் சர்க்கரைதான். 'இது ஒன்றும் செய்யாது' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மாவுக்கு எங்கும் அலைய வேண்டாம். கேழ்வரகு விளையும் ஊர் இது. 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வசதியும் வந்தது. கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோங்கள். மிளகாயோ மல்லியோ அரைத்த கையோடு நம் ராகியைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். களியில் தெரியாத அந்தக் காரம் பிஸ்கட்டில் தெரியும். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் மைதா சலிக்கும் மெல்லிய சல்லடையில் ஒருமுறை சலியுங்கள். இல்லையென்றால் பல்லில் நறநறக்கும்.

அளவு: கேழ்வரகு மாவு 150 கிராம், கோதுமை மாவு 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சுக்குப் பொடி கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, பால் ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி. உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் அந்தச் சிட்டிகை வேண்டாம். 15 கிராம் உருண்டையாக 27, 28 வரும். பென்னாகரம் பக்கத்து நிலக்கடலை வீட்டில் இருந்தால், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்து 30 கிராம் சேருங்கள். கேழ்வரகுக்கு முந்திரியைவிட நிலக்கடலைதான் பொருந்துகிறது.

கேழ்வரகு மாவைச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம், பச்சை வாசனை போய் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். வறுக்காமல் செய்தால் பிஸ்கட்டில் மண் வாசனை தங்கும். வறுத்ததை முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் வெண்ணெய் உருகி, தட்டில் எல்லாம் பரவிவிடும். இது அவசரத்தில் அடிக்கடி நடப்பது.

கோதுமை மாவு ஏன் என்று கேட்கலாம். கேழ்வரகில் பிடிமானம் தரும் பசைத்தன்மை கிடையாது. தனியாகச் சுட்டால் எடுக்கும்போதே பொடிந்துவிடும். நாலில் ஒரு பங்கு கோதுமை அதைப் பிடித்து நிறுத்துகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவு என்றால் இன்னொரு கவனம் வேண்டும்: முளைக்கும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடுவதால் அது சீக்கிரம் சிவக்கும். 10 டிகிரி குறைத்து வையுங்கள்.

வெல்லத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உருண்டை வெல்லத்தைக் கரைத்துப் பாகாக ஊற்றினால் பிஸ்கட் கமர்கட் மாதிரி இறுகும். காய்ந்த நாட்டுச் சர்க்கரையாக, கல் மண் இல்லாததாக வாங்கிச் சலித்துப் போடுங்கள். கட்டி தங்கினால் அந்த இடம் மட்டும் உருகிக் கருகி, கசக்கும் புள்ளியாக நிற்கும்.

வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் குழைத்து, மாவுகளைச் சேர்த்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒன்றுசேர்த்த பிறகு 20 நிமிடம் மூடி வைப்பதைத் தவிர்க்காதீர்கள். வறுத்த ராகி ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். உடனே பார்த்தால் சரியாகத் தெரியும் மாவு, 20 நிமிடம் கழித்து ஓரம் வெடிக்கத் தொடங்கும்; அப்போது இன்னும் ஒரு டீஸ்பூன் பால் தெளித்துக்கொள்ளலாம். கால் அங்குலக் கனத்துக்குத் தட்டி, 165 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம்.

நிறத்தை நம்பி இதைச் சுட முடியாது. பச்சை மாவே பழுப்புதான். எனவே கடிகாரத்தைப் பாருங்கள், ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓரம் இறுகி நடு லேசாக அமுங்கும்போது எடுத்துவிட வேண்டும். முதல் முறை இரண்டு பிஸ்கட்டை மட்டும் சுட்டுப் பார்த்து உங்கள் ஓவனின் நேரத்தைத் தெரிந்துகொண்டு, மீதியைச் சுடுவது புத்திசாலித்தனம். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுப்பதால் நெய் பிஸ்கட் அளவுக்கு நாள் தாங்காது; 10 நாள் கணக்கு வையுங்கள். நமுத்துவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

ரவா கேக்: குக்கர் மட்டும் உள்ள வீட்டுக்கு

முட்டை வேண்டாம், பீட்டர் வேண்டாம், ஓவன் வேண்டாம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னிக்கும் கேக் இது. மெல்லிய ரவை 200 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 200 கிராம், எண்ணெயோ உருக்கிய நெய்யோ 80 மில்லி, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், டூட்டி ஃப்ரூட்டி 50 கிராம், ஏலக்காய். ரவை பருமனாக இருந்தால் மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பவுடரும் சோடாவும் பாலும் தவிர மற்றதைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். ரவை ஊறிப் பருத்துக் கலவை கெட்டியாகும். பாலை விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பேக்கிங் பவுடரும் சோடாவும் கடைசியில்தான். தயிரின் புளிப்பு பட்டவுடன் சோடா நுரைக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்குள் டின் அடுப்புக்குள் போயாக வேண்டும். அதனால் குக்கரை முன்பே காயவைத்துவிட்டு, டின்னில் நெய் தடவி பட்டர் பேப்பர் போட்டு வைத்துவிட்டுத்தான் சோடாவைக் கையில் எடுக்க வேண்டும். சோடாவை ஒரு சிட்டிகை கூட்டினால் கேக் இன்னும் பொங்கும் என்று நினைக்காதீர்கள். சோப்பு வாடை வரும், நடுவில் குழியும் விழும். 7 அங்குல டின்னில் குக்கரில் 40 முதல் 45 நிமிடம், ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்க வேண்டாம். நடுவில் குத்திய பல்குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. டிசம்பரில் மாம்பழம் கிடையாது. ஆனால் நம் பக்கத்து ஆலைகளில் பெங்களூரா மாம்பழத்தை அரைத்து டின்னில் அடைத்த மாங்கூழ் எப்போதும் கிடைக்கும். தயிரை 100 கிராமாகக் குறைத்து, 220 கிராம் மாங்கூழ் சேருங்கள். பெரும்பாலான டின்களில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் சர்க்கரை 90 கிராம் போதும். எண்ணெய் 70 மில்லி, பால் 60 மில்லியில் தொடங்கிப் பதம் பார்த்து விடுங்கள். கூழில் நீர் அதிகம் என்பதால் ஐந்து நிமிடம் கூடுதலாக வேகும். எசன்ஸ், கலர் எதுவும் தேவையில்லை. 850 கிராம் டின்னைத் திறந்தால் மீதி நிறைய இருக்கும். டின்னிலேயே வைக்காமல் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

இதன் குறை, நாள் தாங்காது. வெளியில் இரண்டு நாள், மாங்கூழ் சேர்த்ததென்றால் மறுநாளோடு சரி. தொலைவில் இருப்பவர்களுக்குக் கட்டிக் கொடுக்க இது ஆகாது.

பிளம் கேக்: நம் வீட்டுக்கு மட்டும்

இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதையைச் சொல்லும்போது 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு செய்த கேக்கைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த ஊரில் கிடைத்த சரக்கைக் கொண்டே அவர் அதைச் செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாமும் அப்படியே நாட்டுச் சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் வைத்துச் செய்யலாம். ரம், பிராந்தி இல்லாமலே நன்றாக வரும். ஆனால் ஐந்தில் இதுதான் பொருளும் நேரமும் அதிகம் கேட்பது. முட்டையும் உண்டு. பகிர்வதற்கு அல்ல, வீட்டு மேசைக்கு என்று வைத்துக்கொண்டால் இதைப்போல இன்னொன்று கிடையாது.

உலர் திராட்சை, கறுப்புத் திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்த்து 250 கிராம். மாதக்கணக்கில் ஊறவைப்பது மது சேர்ப்பவர்களுக்கு. பழச்சாற்றில் வெளியே வைத்து நாள்கணக்கில் ஊறவிட்டால் புளித்துப் பொங்கிவிடும். 100 மில்லி ஆரஞ்சுச் சாற்றோடு சிறு தீயில் சாறு வற்றும்வரை ஏழெட்டு நிமிடம் வேகவைத்து ஆறவிட்டால், அன்றைக்கே பயன்படுத்தலாம்.

அடுத்தது கேரமல். 80 கிராம் சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, கிளறாமல் காய்ச்சுங்கள். செம்பழுப்பாகி, புகை எழப் போகும் தறுவாயில் அடுப்பை அணைத்து 60 மில்லி கொதிநீரை ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பொன்னிறத்திலேயே நிறுத்தினால் கேக்குக்கு நிறம் வராது. ஒரு நிமிடம் தவறவிட்டால் கசக்கும். கசந்ததை வேறு எதைப் போட்டும் மறைக்க முடியாது, கொட்டிவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டியதுதான்.

வெண்ணெய் 120 கிராமையும் நாட்டுச் சர்க்கரை 120 கிராமையும் நன்றாகக் குழைத்து, முட்டை மூன்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை நேரே உடைத்து ஊற்றினால் கலவை திரிந்து போகும். ஓசூர்க் குளிரில் இது நிச்சயம் நடக்கும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் முட்டைகளைப் போட்டு வைத்தால் போதும். திரிந்துவிட்டால் ஒரு மேசைக்கரண்டி மாவைப் போட்டு அடித்தால் ஓரளவு சேர்ந்து வரும். பிறகு ஆறிய கேரமல், சலித்த மைதா 190 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு சேர்ந்த பொடி ஒரு டீஸ்பூன். ஓசூர், தளி ஊர்கள் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பேக்கிங் பவுடரை அங்கே ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் மாற்றம் தேவையில்லை. பழங்களை, அந்த 190 கிராமிலிருந்தே எடுத்து வைத்த ஒரு மேசைக்கரண்டி மாவில் புரட்டிக் கடைசியில் சேருங்கள்.

பழமெல்லாம் அடியில் போய்த் தங்கிவிட்டதே என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: பழத்தில் சாறு வற்றவில்லை, கலவை நீர்த்துவிட்டது, அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. இந்தக் கலவை கரண்டியிலிருந்து ஓடக் கூடாது. தட்டினால்தான் விழ வேண்டும்.

7 அங்குல டின்னில் அடியிலும் சுற்றிலும் இரட்டைத் தாள் போட்டு, 160 டிகிரியில் 70 முதல் 80 நிமிடம். சின்ன ஓவனில் மேல் கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். 35 நிமிடம் ஆனதும் மேலே ஃபாயில் தாளை மூடுங்கள். குக்கரில் சுடுவதென்றால் அளவைப் பாதியாக்கி 6 அங்குல டின்னில் செய்வது நல்லது. முழு அளவு உள்ளே வேகுமுன் அடி கருகிவிடும். மூன்று முட்டையைப் பாதியாக்க, இரண்டை அடித்து முக்கால் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய்விட்டால்? முதல் 20 நிமிடத்துக்குள் போனால் கேக் அமுங்கும் ஆபத்து உண்டு. அதன் பிறகு போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். 10 நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் பெரிதாக எதுவும் ஆகாது. ஏறக்குறைய ஒரு கிலோ வரும். 20 துண்டுக்குமேல் போடலாம். அன்றே வெட்டினால் உதிரும். ஒரு நாள் மூடி வைத்து வெட்டினால்தான் துண்டு சுத்தமாக நிற்கும், மசாலா மணமும் அப்போதுதான் ஏறும். மது சேர்க்காததால் வெளியில் நான்கைந்து நாள்தான்.

தேங்காய் மக்ரூன்

இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 90 கிராம் சர்க்கரை, 150 கிராம் உலர் தேங்காய்த் துருவல். கலந்து, சிறு குவியலாக வைத்து 150 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். ஐந்தில் வேகமாக முடிவது இதுதான். பச்சைத் தேங்காயைத் துருவிப் போட்டால் நீர் விட்டுச் சப்பையாகும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் நுரைக்க அடித்த வெள்ளைக்கருவும் சேர்ந்தது. அதைக் குக்கரில் முயல வேண்டாம். மார்கழிப் பனியில் எந்த மக்ரூனும் ஒரே இரவில் பிசுபிசுக்கும் என்பதால், வீட்டில் வெள்ளைக்கரு மிஞ்சியவர்களோ உடனே சாப்பிட ஆள் இருப்பவர்களோ தவிர மற்றவர்களுக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

நாள் கணக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் கைக்கு உதவ வருவதே 23ஆம் தேதி வாக்கில்தான். எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் இரவுப் பூசைக்குத் தூக்கக் கலக்கத்தோடு போக வேண்டியிருக்கும். நெய் பிஸ்கட்டை 18, 19ஆம் தேதியிலேயே சுட்டு அடைத்துவிடலாம். கேழ்வரகு பிஸ்கட் 20, 21. வீட்டுக்கு ஆறு பிஸ்கட் என்று வைத்தால் ஒரு கலவை நான்கு வீட்டுக்கு வரும்; எட்டு வீடு என்றால் இரண்டு கலவை. ஒரேயடியாக இரட்டிப்பாகக் குழைக்காமல் தனித்தனியாகக் குழையுங்கள், இல்லையென்றால் இரண்டாம் தட்டு காத்திருக்கும் நேரத்தில் மாவு இளகிவிடும். பிளம் கேக்குக்குப் பழத்தை 21ஆம் தேதி இரவு வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, 22ஆம் தேதி சுட்டு, 24ஆம் தேதி வெட்டுங்கள்.

ரவா கேக் 24ஆம் தேதி பிற்பகலுக்கு. 10 நிமிடம் டின்னிலேயே விட்டு, கத்தியால் ஓரத்தைச் சுற்றி விடுவித்து, கம்பி வலைமேல் கவிழ்த்து இரண்டு மணி நேரம் முழுக்க ஆறவிட்ட பிறகு வெட்டி டப்பாவில் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் முத்து முத்தாக நீர் கோத்து, காலையில் கேக்கின் மேல்புறம் பிசுபிசுத்துப் போயிருக்கும்.